மலையேறும் மின்வண்டியும் நானுஓயா நீரும்

வண்டி எவ்வகையினதாயினும் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் செல்லும், இடையில் எங்கே நின்று தீனி பெறும் என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டே அது வீதிக்கு வரவேண்டும். மாட்டுக்கு வைக்கோலும் தண்ணீரும், குதிரைக்குக் கொள்ளும் புல்லும், நீராவி இயந்திரத்துக்கு நிலக்கரியும் நீரும், மோட்டார் வண்டிக்குப் பெற்றோலும் தீனியாயின. இப்பொழுது வந்திருக்கும் மின்சார வண்டிக்கு மின்னேற்றம் தீனியாகிறது. சமவெளியில் வாழ்வோர் இவ்விரு கேள்விகளையும் தூரத்தை மட்டுங் கொண்டு தீர்த்துக்கொள்ளலாம். இலங்கையின் மத்திய மலைநாட்டிலோ தூரத்தோடு உயரத்தையும் கூட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வீதி வழியே ஏறக்குறைய 160 கிலோமீற்றர். அத்தூரத்துக்குள் வண்டி ஏறவேண்டிய உயரம் ஏறக்குறைய 1,870 மீற்றர்.

நுவரெலியாவுக்குச் சில மைல் கீழே, அட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் வரும் பெருவீதியில் நானுஓயா இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன் நேயர்களுக்குப் புகையிரத நிலையமே நினைவுக்கு வரும். அந்நிலையமும், அதற்கு மேலே உள்ள ஒரு சிறிய மின்னுற்பத்தி நிலையமும், இன்று மலையேறிவரும் மின்வண்டியும் ஒரே வரலாற்றுத் தொடரைச் சேர்ந்தவை. அந்த வரலாற்றையே இங்கே காணலாம்.

புகையிரதம் வருமுன் மலைநாட்டுப் போக்குவரத்து மாட்டின் வலிமையை நம்பியிருந்தது. கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் மூட்டைகள் பொதிமாட்டின் முதுகிலும் இரட்டைமாட்டு வண்டியிலும் கண்டிக்கும் கொழும்புக்கும் இறங்கின. அரிசியும் கருவாடும் அவ்வண்டிகளிலேயே மேலே ஏறின. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு மேல் செல்லாது. றம்பொடை போன்ற ஏற்றத்தில் அதிலும் பாதிதான். ஆகவே வண்டி நிற்குமிடங்களில் புல்லுக்கட்டு விற்போரும், லாடம் அடிப்போரும், சோற்றுக்கடைக்காரரும் வந்து குடியேறினர். இன்று கடைத்தெருவாக இருக்கும் மலைநாட்டு ஊர்கள் சிலவற்றின் பிறப்பு இத்தகையதே. தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறிய தொழிலாளருக்கு மட்டும் அத்தகைய தங்குமிடக் கணக்கு ஒழுங்காகப் போடப்படவில்லை. மாடு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை அறிந்திருந்தவர்கள் மனிதன் எவ்வளவு தாங்குவான் என்பதைக் கேட்க நெடுங்காலம் சென்றது. பசியாலும் வாந்திபேதியாலும் அவ்வழியில் மடிந்தோர் மிகப் பலர்.

கொழும்பிலிருந்து புறப்பட்ட புகையிரதப் பாதை 1867இல் கண்டியை அடைந்தது. கிளைப்பாதை 1874இல் நாவலப்பிட்டி வரை வந்தது. அதற்குமேல் ஏறுவது எளிதாயிருக்கவில்லை. நாற்பத்துநான்கு அடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏறும் சரிவு புகையிரதத்துக்கு மிகக் கடுமையான சரிவாகும். மலைப்பாதை பெரும்பாலும் அந்த அளவுக்கு அமைந்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1885இல், பாதை நானுஓயாவைச் சேர்ந்தது. நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பாதை அப்புத்தளைக்கு நீள 1893 வரை சென்றமையால், ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நானுஓயாவே மலைநாட்டுப் பாதையின் கடைசி நிலையமாயிருந்தது. பதுளைக்குப் பாதை சென்றதோ 1924இல்தான்.

கடைசி நிலையம் என்றால் இயந்திரம் தங்குமிடம். அங்கே இயந்திரக் கொட்டகை எழுந்தது. நீராவி இயந்திரம் நிலக்கரியைக் காட்டிலும் தண்ணீரையே விரைவாகக் குடித்துத் தீர்க்கும்; ஏற்றத்தில் இரட்டிப்பாகக் குடிக்கும். ஆதலால் பாதை நெடுகிலும் நீர்த்தொட்டிகள் நிறுவப்பட்டன. கனமான வண்டித்தொடரை முன்னால் ஓர் இயந்திரம் இழுக்க, பின்னால் மற்றொன்று தள்ளிச் சென்ற காட்சி மலைநாட்டாருக்குப் புதிதன்று. 1954இல் கனடா நாட்டிலிருந்து கொழும்புத் திட்டத்தின் கீழ் நன்கொடையாக வந்த டீசல் இயந்திரங்கள் ஏறத்தொடங்கியபின் நீர்த்தொட்டிகள் படிப்படியாகத் தேவையற்றுப்போயின. அவ்வியந்திரங்களுக்குக் கனடாவின் மாகாணங்களுடைய பெயர்கள் இடப்பட்டிருந்தன.

நானுஓயாவில் இன்னொரு பாதையும் இருந்தது. அகலப் பாதையில் வந்த வண்டி நுவரெலியா நகருக்குள் ஏற இயலாமையால், இரண்டரை அடி அகலமுள்ள ஒடுங்கிய பாதையொன்று 1903இல் நுவரெலியாவுக்கும், அடுத்த ஆண்டில் கந்தப்பளை வழியாக இராகலைக்கும் அமைக்கப்பட்டது. அகலப் பாதையோ ஐந்தரை அடி. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே இராகலைத் தோட்டத்துத் தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றும் நானுஓயாவில் சிறிய வண்டியிலிருந்து இறக்கப்பட்டுப் பெரிய வண்டியில் ஏற்றப்படவேண்டும்; மேலே செல்லும் அரிசி மூட்டைக்கும் அதே நடைமுறை. இந்த மாற்றேற்றத்தால் பல தொழிலாளருக்குப் பிழைப்புக் கிடைத்தது உண்மை. ஆனால் தோட்டத்து வாசலிலேயே பெட்டியை ஏற்றிக்கொண்டு நேரே செல்லும் மோட்டார் லொறி வந்தபோது, அந்த இடைஞ்சலே ஒடுங்கிய பாதைக்கு எமனாயிற்று. 1948இல் அது மூடப்பட்டது. இரண்டு அளவு, இரண்டு பொருத்தம் என்னும் இந்தச் செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நன்று. மின்வண்டியைப் பற்றிப் பேசுகையில் இது மீண்டும் வரும்.

மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டி நம் காலத்துப் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். பிரான்சு நாட்டு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய மின்கலத்தை 1859இலேயே அமைத்துவிட்டார். பற்றரி என்று நாம் வழக்கில் கூறுவதன் மூதாதை அது. 1899இல் காமில் ஜெனாத்சி என்பவர் ஓட்டிய மின்வண்டியே உலகில் முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டிய மோட்டார் வண்டி. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 மோட்டார் வண்டிகளில் 1,681 நீராவியால் ஓடின. 1,575 மின்சாரத்தால் ஓடின. பெற்றோலால் ஓடியவை 936 மட்டுமே. புகையில்லை, இரைச்சலில்லை, கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தைக் கிளப்பும் தொல்லையில்லை என்று நகரத்துச் சீமாட்டிகள் மின்வண்டியையே விரும்பினர். பெற்றோல் வண்டியை உலகெங்கும் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவியாரே மின்வண்டி ஓட்டினார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

அந்நாளில் மின்னேற்றுவதற்கு இருந்த வழிகளும் இன்றைய வழிகளைப் போன்றனவே. வீட்டுக் கொட்டகையில் இரவு முழுவதும் ஏற்றுவது ஒன்று. நகரத்து நிலையங்களில் கட்டணம் செலுத்தி ஏற்றுவது மற்றொன்று. தீர்ந்த மின்கலத்தைக் கழற்றிவிட்டு ஏற்றிவைத்த மின்கலத்தைப் பூட்டிக்கொண்டு செல்லும் முறையை அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து மின்சாரக் கம்பனி 1910களில் பார வண்டிகளுக்கு நடத்திற்று. அஞ்சற் குதிரையை மாற்றிப் பூட்டும் பழைய வழக்கத்தின் மறுபிறவியாக அதைக் கருதலாம். ஆயினும் ஈயத்தின் பாரம் மின்வண்டியை நகர எல்லையை விட்டு வெகுதூரம் செல்லவிடவில்லை. சாலைகள் நீண்டன, பெற்றோல் மலிந்தது. 1912இல் கடிலாக் வண்டிகளில், சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சாரக் கிளப்பி பொருத்தப்பட்டது. கைப்பிடி சுழற்றும் தொல்லை அத்தோடு ஒழிந்தது. மின்வண்டியின் செல்வாக்கைச் சாய்த்த அந்தக் கருவியும் ஒரு மின்கலத்தாலேயே இயங்கியது!

அதே 1912ஆம் ஆண்டளவில்தான் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறு நீர்மின் நிலையம் எழுந்தது. ஆளுநர் சேர் வில்லியம் கிறகரியின் பெயரைத் தாங்கிய ஏரியின் நீர் கீழ்நோக்கிக் கொண்டுவரப்பட்டு, அதன் வீழ்ச்சியால் சுழலி இயங்கி, நுவரெலியா நகரத்துக்கு ஒளி கிடைத்தது. அவ்வேலையை நடத்தியவர் பொதுவேலைத் திணைக்களத்துப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா. காலியில் 1874இல் பிறந்த இவர், மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியைக் கண்டு, நிலக்கரியில்லாத இந்நாட்டுக்கு இயற்கை கொடுத்த செல்வம் இதுவே என்று உறுதி கொண்டார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் தமது கருத்தை விரிவான கட்டுரையாக வாசித்தார். களனி கங்கையின் தலையாறுகளான கெகல்கமு ஓயாவையும் மஸ்கெலி ஓயாவையும் கொண்டு பெருமளவில் மின்சாரம் எடுக்கலாம் என்பது அவருடைய வாதம்.

கேட்டவர் சிலர், நம்பியவர் அவரிலும் சிலர். 1920களில் தொடங்கிய வேலை இடைநடுவில் நின்றது. பொறியியலாளராகச் சாதிக்க முடியாததை அரசியலில் நின்றாவது சாதிக்கவேண்டும் என்று அவர் 1931இல் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குள் சென்றார். லக்ஷபான நிலையம் திறக்கப்பட்டது 1950இல். கட்டுரை வாசித்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதைக் கண்ணாரக் கண்டபின், 1953இல், அவர் காலமானார். காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரால் 1965இல் இயங்கத் தொடங்கிய நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1969இல் மவுஸ்சாக்கலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியாப் பட்டினம் நீருக்குள் மூழ்கிற்று. நீர் வற்றும் காலத்தில் அங்கிருந்த கோவில் முதலிய கட்டடங்களின் எச்சம் தலைகாட்டுவதை அவ்வழியே செல்வோர் கண்டிருப்பர்.

இந்த மின்சாரம் யாருக்குச் சென்றது என்னும் கேள்வியை ஒதுக்கிவிட்டு இவ்வரலாற்றைக் கூறினால் அது குறையுடையதாகும். லக்ஷபானவிலிருந்து புறப்பட்ட உயர்வலுக் கம்பிகள் தேயிலைத் தோட்டங்களின் மேலாகவே கொழும்பு நோக்கிச் சென்றன. தேயிலைத் தொழிற்சாலைகளில் உருளைகள் சுழன்றன. துரைமார் பங்களாக்களில் விளக்கெரிந்தது. லயன்களில் பல பத்தாண்டுகளுக்கு மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே எரிந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்த காலம் அது. வாக்கில்லாதவன் வாசலுக்குக் கம்பி வருவது அரிது. எல்லோருக்கும் குடியுரிமை என்னும் நிலையை எட்ட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்லவேண்டியிருந்தது. விளக்கும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் லயன்களுக்கு வந்து சேர்ந்தது.

கிறகரி ஏரியிலிருந்து வழிந்து பிளக்பூல் வழியாக இறங்கும் நானு ஓயா, தலவாக்கலைப் பக்கம் சென்று கொத்மலை ஓயாவோடு சேர்கிறது. அங்கே 2012இல் மேல் கொத்மலைத் திட்டம் நிறைவேறிற்று. தலவாக்கலையில் மறிக்கப்படும் நீர், ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே நிலத்தடி நிலையத்தை அடைந்து, 150 மெகாவாற்று வரை மின்சாரம் தருகிறது. இத்திட்டத்துக்காக லயன்களில் இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன; சென்கிளயர் அருவியின் அழகு குன்றும் என்ற எதிர்ப்பும் நெடுநாள் நிலவிற்று.

மின்சாரம் மலையில் இவ்வாறு பெருகிய காலத்தில் மின்வண்டியும் உலகில் மீண்டும் தலையெடுத்தது. காரணம் மின்கலம். 1991இல் சோனிக் கம்பனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் மின்கலம், ஒரே நிறையுள்ள ஈய மின்கலத்தைவிடப் பல மடங்கு மின்னைச் சேமிக்கவல்லது. அதனை ஆக்கிய அறிஞர் மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. 2010இன் இறுதியில் யப்பானின் நிசான் கம்பனி லீஃப் என்னும் மின்வண்டியை விற்கத் தொடங்கிற்று. வரிச் சலுகை கிடைத்த 2014, 2015 ஆண்டுகளில் இலங்கையிலும் இவ்வண்டி ஏராளமாக வந்திறங்கியது.

அதன் மின்கலம் 24 அலகு கொள்ளும். மின்சாரப் பட்டியலில் நாம் காணும் அதே அலகுதான். ஆயிரம் வாற்று வலுவுள்ள கருவி ஒரு மணித்தியாலம் இயங்கினால் செலவாகும் மின்சாரம். அமெரிக்க அரசின் சோதனைப்படி முதல் லீஃப் வண்டி ஒருமுறை ஏற்றினால் 73 மைல், அதாவது ஏறக்குறைய 117 கிலோமீற்றர் ஓடும். கொழும்பு நகருக்குள் வேலைக்குச் சென்று திரும்புவோருக்கு அது தாராளம். நுவரெலியாவுக்கு ஏறுவோர் வேறு கணக்குப் போடவேண்டும்.

அக்கணக்கு கடினமானதன்று. வண்டியும் அதிலுள்ளோரும் பொருள்களும் சேர்ந்து 1,800 கிலோ எனக் கொள்வோம். அந்தப் பாரத்தைக் கடல்மட்டத்திலிருந்து நுவரெலியாவின் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 9 அலகு வேண்டும். உருளை உருள்வதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் ஆகும் செலவு இதற்கு வேறு. ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கிய வெப்பமும் ஏறக்குறைய 9 அலகுதான். ஆனால் பெற்றோல் இயந்திரம் அதில் கால்வாசியை அல்லது அதற்குச் சற்று மேல் மட்டுமே உருளைக்குக் கொண்டுசேர்க்கும், எஞ்சியது வெப்பமாய்ப் போய்விடும். பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா வரையுள்ள ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஏற்றத்துக்கு மட்டும் மின்வண்டி 15 அலகு வரை எடுத்துக்கொள்ளும். ஆகவே பழைய லீஃப் வண்டி கண்டிப் பக்கத்தில் ஒருமுறை நின்று மின்னேற்றிக்கொள்ளாமல் மேலே வர இயலாது. மாட்டுவண்டிக்காரன் கம்பளையில் மாட்டை அவிழ்த்துவிட்டதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

இறங்கும்போது நிகழ்வது வேறு. மாடோ பெற்றோல் இயந்திரமோ ஏற்றத்தில் செலவழித்ததை இறக்கத்தில் திரும்பப் பெறுவதில்லை. மின்வண்டியின் மோட்டாரோ இறக்கத்தில் மின்பிறப்பாக்கியாக மாறி, உருளையின் ஓட்டத்தைத் தடுத்துக்கொண்டே மின்கலத்துக்கு மின்சாரத்தை அனுப்பும். பிளக்பூலில் விழும் நீர் செய்த வேலையை இங்கே விழும் வண்டியே செய்கிறது. தூக்கச் செலவானதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இவ்வாறு மீளலாம். ஏறுவதற்கு 15 அலகு கேட்ட அதே வழி, இறங்குவதற்கு நான்கு அல்லது ஐந்து அலகோடு அமைந்துவிடும். நானுஓயா, றதல்லைப் பக்கத்துச் செங்குத்தான இறக்கங்களில் தடுப்புக்கருவி சூடேறிப் பழுதுபட்டு எத்தனையோ விபத்துக்கள் நேர்ந்திருக்கின்றன. தடுப்புக்கட்டையை அதிகம் அழுத்தாமலே வேகத்தை அடக்கும் இந்த இயல்பு அவ்வழிகளில் பெரிய பயனுடையது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. நிறைந்த குளத்தில் மேலும் நீர் தங்காததுபோல நிறைந்த மின்கலத்தில் மேலும் மின் ஏறாது. நுவரெலியாவில் இரவு தங்கி மின்கலத்தை முழுவதும் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்குபவருக்கு, முதற் சில மைல்களில் இந்த மின்தடுப்பு சரிவரக் கிடைப்பதில்லை. திரும்பக் கிடைக்கவேண்டிய மின்னும் வீணாகிறது. மலையுச்சியில் எண்பது விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. சமவெளிக்காரருக்குத் தெரியாத, மலைநாட்டு ஓட்டுநர் தாமே கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் இது. குளிரான இவ்விடங்களில் மின்கலம் நீடித்து உழைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தண்ணீரால் குளிர்விக்கும் ஏற்பாடில்லாத லீஃப் மின்கலங்கள் வெப்பமான ஊர்களில் விரைவாகத் தளர்ந்துபோவதே வழக்கம்.

மின்னேற்றும் வழிகள் இன்று மூன்று வகைப்படும். வீட்டிலுள்ள சாதாரணப் பிளக்கில் மணித்தியாலத்துக்கு இரண்டு அல்லது மூன்று அலகு ஏறும். 24 அலகு மின்கலத்துக்கு ஓர் இரவு வேண்டும். சுவரில் தனிப் பெட்டி பொருத்தி 32 அம்பியர் மின்னோட்டம் எடுத்தால் ஏழு அலகு வரை ஏறும். ஆனால் வண்டிக்குள் இருக்கும் மின்னேற்றுக் கருவியும் அதற்கு இசையவேண்டும். மூன்றாவது விரைவு நிலையம்: மணித்தியாலத்துக்கு ஐம்பது அலகு வீதத்தில் ஏற்றி, அரை மணிக்குள் எண்பது விழுக்காட்டை நிரப்பிவிடும். எண்பதுக்கு மேல் மின்கலமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குமேல் காத்திருப்பது பெரும்பாலும் பொழுதை வீணாக்குவதாகும்.

ஒடுங்கிய பாதையின் கதை இங்கே திரும்ப வருகிறது. யப்பானிய வண்டிகளின் விரைவேற்றச் செருகி ஒரு வடிவம். ஐரோப்பாவில் வழங்குவது மற்றொரு வடிவம். சீனா தன் நாட்டுக்குள் வைத்திருப்பது மூன்றாவது வடிவம். ஒன்றுக்கென அமைத்த நிலையத்தில் மற்றதை ஏற்ற இயலாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வண்டிகளுக்கும் திறக்கப்பட்டபின், அறுபது அலகு கொள்ளும் மின்கலத்தோடு சீன வண்டிகள் பல வந்துள்ளன. இவை கொழும்பிலிருந்து இடையில் நிற்காமலே நுவரெலியாவுக்கு ஏறவல்லவை. ஆனால் பழைய யப்பானிய வண்டிக்காக நாட்டப்பட்ட நிலையம் இவற்றுக்குப் பொருந்தாது. இவற்றுக்காக நாட்டப்படுவது பழைய வண்டிக்குப் பொருந்தாது. மாற்றேற்றத் தொல்லை நானுஓயாவின் சிறிய பாதையை எவ்வாறு விழுங்கிற்று என்பதை அறிந்தவர்கள், இரு வடிவங்களையும் ஒரே நிலையத்தில் வைக்குமாறு இப்பொழுதே வற்புறுத்துவது நன்று.

மின்வண்டி வைத்திருப்பவருக்கு ஒருபோதும் கவலையில்லை என்று கூறுவோரும் உளர். 2022ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தால் அக்கூற்றின் பாதி மட்டுமே உண்மை என்பது விளங்கும். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்று, யூலை முதல் கைத்தொலைபேசியில் குறியீடு காட்டிப் பங்கு பெற்றுக்கொண்ட நாட்களில் மின்வண்டிக்காரர் பொறாமைக்கு ஆளாயினர். ஆனால் அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்நாட்களில் அவர்களும் மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்துக் காத்திருந்தனர். மழை பொய்த்தால் நீர்த்தேக்கம் வற்றும்; அப்பொழுது நுரைச்சோலையின் நிலக்கரியும் இறக்குமதி எண்ணெயும் அந்த இடத்தை நிரப்பும். நள்ளிரவில் ஏற்றப்படும் மின்சாரம் அருவியிலிருந்து வந்ததா, கரியிலிருந்து வந்ததா என்பதை வண்டி அறியாது. கூரைகளில் சூரிய மின்தகடுகள் பெருகிவிட்டமையால், நண்பகலில் மின்சாரம் மிஞ்சும் நாட்களும் இப்பொழுது வருகின்றன. அந்நேரத்தில் ஏற்றுவது நாட்டுக்கும் நலம்.

இதுவரை மின்னேற்றும் வசதி பெரும்பாலும் நகரத்தாரையும் உல்லாசப் பயணிகளையும் எண்ணியே அமைந்துவருகிறது. நுவரெலியா விடுதியின் முற்றத்தில் ஒரு நிலையம் இருந்தால் கொழும்பு வண்டிக்குப் போதும். தோட்டத்து மக்கள் நாடோறும் நம்பியிருக்கும் வண்டி ஓட்டோவாகிய முச்சக்கரவண்டி. பிரசவத்துக்குச் செல்லும் பெண்ணையும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையையும், கடைச்சாமானையும் கரடுமுரடான தோட்டப் பாதையில் ஏற்றிச் செல்வது அதுதான். அது மின்சாரத்தால் ஓடுமானால் நாளாந்த ஓட்டத்துக்கு வேண்டிய மின் மிகச் சிறிது. விரைவு நிலையம் எதுவும் தேவையில்லை. நல்ல பிளக்கு ஒன்று இரவு முழுவதும் கிடைத்தால் அமையும்.

அந்த நல்ல பிளக்கு லயனில் கிடைப்பதே அரிது. பழைய லயன் அறைகளில் இழுத்திருக்கும் கம்பிகள் இரண்டு விளக்குக்கும் ஒரு தொலைக்காட்சிக்கும் என அமைந்தவை. எட்டுப் பத்து மணித்தியாலம் தொடர்ந்து மின்னோட்டம் சென்றால் சூடேறும். தீவிபத்துக்கு லயன்கள் ஏற்கனவே பெயர்பெற்றவை. நிலமும் வீடும் பெரும்பாலானோருக்குச் சொந்தமல்லவாதலால், புதிய கம்பியும் நிலத்தொடுப்பும் அமைக்கத் தோட்ட நிருவாகத்தின் இசைவு வேண்டும். இதற்கு எளிய வழி ஒவ்வொரு தோட்டத்திலும் ஏற்கனவே இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் பெரிய உருளைகளை இயக்குவதற்கெனத் தடித்த கம்பியும் மும்முனை மின்னிணைப்பும் உண்டு. இரவில் காவலாளியும் இருப்பார். அதன் முற்றத்தில் நான்கைந்து பிளக்குகளை அளவுமானியோடு பொருத்திவிட்டால், ஓட்டோக்காரர் மாலையில் வண்டியை விட்டுவிட்டு, தமக்குரிய அலகுக்குப் பணம் செலுத்தி, விடியற்காலையில் எடுத்துச் செல்லலாம். மலைநாட்டுத் தோட்டங்கள் சிலவற்றில் சிற்றாற்று நீரால் இயங்கும் சிறு மின்னுற்பத்திக் கருவிகளும் உள்ளன. அத்தகைய தோட்டங்களில் இந்த ஏற்பாட்டைத் தொடங்குவது இன்னும் எளிது.